அறப்பணிக்காக ஓடும் கார்கள்: வீதி யாருடையது, கணக்கு யாருக்கு?

நகரத்தின் பிரதான வீதிகளை இரண்டொரு நாட்களுக்கு மூடி, அவற்றிலே மோட்டார்க் கார் ஓட்டப் பந்தயம் நடத்தி, சேரும் பணத்தை நோயாளருக்கோ வலுவிழந்தோருக்கோ கொடுக்கும் வழக்கம் உலகின் சில நகரங்களில் உண்டு. பணம் படைத்தவர்கள் பொழுதுபோக்குவார்கள். மக்கள் பார்த்து மகிழ்வார்கள். ஏழைகளுக்கும் ஏதோ கிடைக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் எவருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு என்றே தோன்றும்.

வண்டிலையும் மாட்டையும் விதைநெல்லையும் விட்டுவிட்டு உடுத்த துணியோடு புறப்பட்டு வந்த கமக்காரக் குடும்பங்களுக்கும் நகரத்துக் கார் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. இவ்வாறான நிகழ்ச்சிகள் எவர் பெயரால் நடத்தப்படுகின்றனவோ அந்த வரிசையில் நிற்பவர்கள் நீங்கள். "பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவ" என்று எழுதப்படும் பதாகைகளிலே பாதிக்கப்பட்ட மக்கள் என்ற சொல் உங்களைத்தான் குறிக்கின்றது. உங்கள் பெயரால் சேர்க்கப்படும் பணத்தைப்பற்றி வினா எழுப்பும் உரிமை உங்களுக்கு உண்டா? உண்டு என்பதே எனது கருத்து. கார் ஓட்டத்தை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அதனை விளக்க முயல்கின்றேன்.

நல்லதொரு எடுத்துக்காட்டு

முதலில் நல்லதையே பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே பிற்ஸ்பர்க் என்றொரு நகரம் உண்டு. இரும்புருக்குத் தொழிலால் பெயர்பெற்று, பின்னர் அத்தொழில் நலிந்தபோது பெரும் வேலையின்மையைக் கண்ட நகரம் அது. அங்குள்ள ஷென்லி பூங்காவின் ஊடாகச் செல்லும் நகர வீதிகளிலே 1983 ஆம் ஆண்டு பழைய கார்களுக்கான ஓட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஷென்லி பூங்காவே ஒரு கொடையினால் உருவானது. மேரி ஷென்லி என்ற செல்வந்தப் பெண்மணி 1889 இல் 300 ஏக்கர் நிலத்தை நகரத்துக்கு வழங்கினார். அதுவே பொதுமக்களின் பூங்காவாயிற்று.

ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நீளமான அந்தச் சுற்றிலே இருபதுக்கும் மேற்பட்ட வளைவுகள் உள்ளன. வீதியோரத்திலே கற்சுவர்களும் கம்பங்களும் நிற்கின்றன; அவற்றின்மீது கார்கள் மோதாதிருக்க வைக்கோற் கட்டுகளை அடுக்குவார்கள். ஓடுபவை பெரும்பாலும் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட கார்கள். பரிசுப் பணத்துக்காக எவரும் அங்கு ஓடுவதில்லை. ஓட்டத்தைப் பார்க்க மக்கள் பணம் கொடுக்கவேண்டியதில்லை. வாகனத் தரிப்பிடக் கட்டணம், பழைய கார்களின் கண்காட்சி, வர்த்தகர்களின் அனுசரணை, விரும்பிக் கொடுக்கும் நன்கொடை ஆகியவற்றாலேயே பணம் சேர்கின்றது. வேலைகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் சம்பளமின்றிச் செய்கின்றார்கள்.

சேரும் பணம் இரண்டு நிறுவனங்களுக்குச் சென்று வந்துள்ளது. ஒன்று, ஓட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் உதவும் பிற்ஸ்பர்க் ஓட்டிசம் சங்கம். மற்றையது, அறிவு வளர்ச்சியில் குறைபாடு உடையவர்களைப் பராமரிக்கும் அலெகெனி வலி பாடசாலை. தொடங்கிய காலந்தொட்டு இவ்வகையிலே 50 இலட்சம் டொலருக்கும் மேல் சேர்க்கப்பட்டுள்ளது.

இதில் நாம் கவனிக்கவேண்டியவை சில உண்டு. பெறுவோர் யார் என்பது தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது. ஒரு முறை ஆரவாரம் செய்துவிட்டு மறைந்துபோகாமல் ஆண்டாண்டாக அந்த வேலை தொடர்ந்தது. பார்வையாளரிடம் கட்டாயமாக வாங்கவில்லை. உழைப்பு இலவசமாகக் கிடைத்தபடியால் செலவு குறைந்தது. 50 இலட்சத்தை நாற்பது ஆண்டுகளுக்குப் பகிர்ந்து பார்த்தால் ஆண்டொன்றுக்கு ஒன்றேகால் இலட்சம் டொலர் வரும். ஒரு செல்வந்த நாட்டின் பெருநகரத்துக்கு இது மலைக்கத்தக்க தொகையன்று. ஆனால் விடாது வந்த தொகை. சிறுகச் சிறுக ஊறினாலும் கோடையிலும் வற்றாத கிணற்றின் பெறுமதியை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

"அந்தப் பணத்தை நேரடியாகக் கொடுத்துவிடலாமே, எதற்கு இந்த ஓட்டமும் இரைச்சலும்?" என்று சிலர் கேட்பார்கள். இக்கேள்வி நியாயமானதெனினும் மனித இயல்பை அது மறந்துவிடுகின்றது. தனியே இருக்கும்போது கொடாதவன் கூட்டத்தோடு சேர்ந்தால் கொடுப்பான். எமது கோயில் திருவிழாக்களிலே முதல் விளைச்சலான பூசணிக்காயையும் வாழைக்குலையையும் ஏலத்தில் விடும்போது, சந்தை விலையைப்போலப் பல மடங்கு கேட்டு வாங்குபவர் ஏன் வாங்குகின்றார்? காய்க்காகவன்று, ஊரோடு சேர்ந்து கொடுக்கும் மகிழ்ச்சிக்காக. வேகத்தின்மீது உள்ள விருப்பமும் எமக்குப் புதியதன்று. மாட்டுவண்டிச் சவாரி என்றால் வேலையைப் போட்டுவிட்டுத் திடலுக்கு ஓடியவர்கள் எம்மிலே எத்தனையோ பேர். ஆகவே விளையாட்டையும் கொண்டாட்டத்தையும் பழிப்பது என் நோக்கமன்று.

எனினும் பிற்ஸ்பர்க்கைக் காட்டி, இவ்வகையான எல்லா நிகழ்ச்சிகளும் நல்லவையே என்று சொல்லிவிட முடியாது. மூன்று விடயங்களைத் தனித்தனியே ஆராயவேண்டும்.

வீதி யாருடையது?

வீதி பொதுச் சொத்து. அதனை ஒரு சிலருக்காக மூடும்போது மற்றவர்கள் எதையோ இழக்கின்றார்கள். நடைபாதை வியாபாரி ஒரு நாள் உழைப்பை இழக்கின்றார். முச்சக்கரவண்டி ஓட்டுபவரின் வருமானம் நிற்கின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் சுற்றிப் போகின்றார். இந்த இழப்புகள் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் பலகையில் எழுதப்படுகின்றன. ஒரு நாட் கூலியை இழந்தவரின் பெயரோ எங்கும் எழுதப்படுவதில்லை. உண்மையில் அவரும் கொடுத்தவரே. அவரைக் கேளாமல் எடுத்தார்கள் என்பதுதான் வேறுபாடு. தன்னிடம் இருந்த இரண்டு காசையும் போட்ட ஏழைக் கைம்பெண்ணின் கதை உங்களுக்குத் தெரியும். அவள் தானாக விரும்பிப் போட்டாள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வீதியை மூடுவதற்குச் சட்டமும் மக்களின் இணக்கமும் தேவை என்பதற்கு இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரம் ஒரு சான்று. அங்கு நகர வீதிகளில் கார் ஓட்டம் நடத்துவதற்குப் பாராளுமன்றத்திலே 1985 இல் ஒரு தனிச் சட்டத்தையே நிறைவேற்றவேண்டியிருந்தது. 1986 முதல் 1990 வரை ஐந்து ஆண்டுகள் ஓட்டம் நடைபெற்றது, பின்னர் நின்றுபோயிற்று. அது அறப்பணிக்கான ஓட்டமன்று. நகரத்தின் பெயரை உயர்த்துவதற்கென நகரசபை முன்னின்று நடத்தியது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பொது வீதியை எடுப்பதற்கு முன்னர், மக்கள் தெரிவுசெய்த சபையிலே அதனை விவாதிக்கவேண்டியிருந்தது. நல்ல நோக்கத்துக்கு என்று சொன்னால் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம் என எண்ணுவது தவறு. நல்ல நோக்கம் உடையவர்களே முதலில் அனுமதி கேட்கவேண்டும்.

காணியைப்பற்றி இது எவ்வளவு உண்மை என்பதை இடம்பெயர்ந்தவர்கள் அறிவார்கள். பொதுத் தேவைக்கு என்று சொல்லியே எத்தனையோ காணிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. தேவை உண்மையானதாக இருக்கலாம்; கேட்டு எடுப்பதும் கேளாமல் எடுப்பதும் ஒன்றாகிவிட மாட்டா.

ஆபத்தை ஏற்பவர் யார்?

இரண்டாவது, உயிராபத்து. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 55 மீற்றர் கடந்துவிடும். எமது இருசில்லு உழவு இயந்திரம் அதே விநாடியிலே நான்கைந்து மீற்றர் நகரும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் வலு நான்கு மடங்காகும். ஆகவே அத்தகைய வேகத்தில் கார் தடம் மாறினால், வீதியோரத்தில் நிற்பவருக்கு விலகுவதற்கு நேரமே இருப்பதில்லை.

இத்தாலியிலே மில்லே மிலியா என்ற ஓட்டம் 1927 இல் தொடங்கியது. பிறேசியா நகரிலிருந்து உரோமாபுரிக்குச் சென்று திரும்பும் ஏறக்குறைய 1600 கிலோமீற்றர் தூரம். பாதை நகரங்களையும் பட்டினங்களையும் விவசாயக் கிராமங்களையும் ஊடறுத்துச் சென்றது. கிராமத்து மக்கள் பிள்ளைகளுடன் வீதியோரத்தில் நின்று பார்ப்பது வழக்கம். 1938 இல் பொலோனா நகரருகே ஒரு கார் கூட்டத்தினுள் புகுந்து பத்துப்பேரைக் கொன்றது. அவர்களுள் எழுவர் சிறுவர்கள். ஓட்டம் சிறிது காலம் நின்று, மீண்டும் தொடங்கியது. 1957 மே மாதம் 12 ஆம் திகதி குயிடிட்சோலோ என்ற கிராமத்துக்கு அருகே, ஓட்டம் முடிவை நெருங்கும் வேளையில் ஒரு காரின் ரயர் வெடித்தது. கார் பார்வையாளர்மீது பாய்ந்தது. ஓட்டியவரும் துணையாக இருந்தவரும் இறந்தனர். வீதியோரத்தில் நின்ற ஒன்பதுபேர் இறந்தனர். அவர்களுள் ஐவர் சிறுவர்கள். அதன் பின்னரே மில்லே மிலியா வேக ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. காரைத் தயாரித்த என்சோ பெராரிமீது வழக்குத் தொடரப்பட்டு, 1961 இல் அவர் விடுவிக்கப்பட்டார். காரின் உரிமையாளரும் ஓட்டுநரும் ஆபத்தை அறிந்தே ஏற்றார்கள். தன் ஊர் வீதியில் நின்ற பிள்ளை எதை ஏற்றுக்கொண்டது?

அது பழைய கதை, இன்று பாதுகாப்பு வளர்ந்துவிட்டது என்று சிலர் கூறக்கூடும். வளர்ந்தது உண்மையே. ஒரு காலத்தில் பெரிய ஓட்டங்களிலும் வைக்கோற் கட்டுகளே தடுப்பாக இருந்தன. 1967 இல் மொனாக்கோ வீதி ஓட்டத்திலே லொரென்சோ பந்தினி என்ற ஓட்டுநரின் கார் தீப்பற்றியபோது வைக்கோலும் சேர்ந்து எரிந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். அதன்பின் பெரும் ஓட்டங்களில் வைக்கோல் கைவிடப்பட்டு இரும்புத் தடுப்புகள் வந்தன. ஆனால் பாதுகாப்பு தானாக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் பணம் செலவிட்டு, ஒழுங்கு காத்து, உண்டாக்கவேண்டியது அது. எமது நாட்டிலேயே 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் ஓட்டத்தின்போது ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்து ஏழுபேர் இறந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். இறந்தவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அது நகர வீதி ஓட்டமன்று. ஓட்டத்துக்கென்றே அமைக்கப்பட்ட தடத்தில் நடந்தது. அங்கேயே இப்படியென்றால், வீடும் கடையும் மதகும் மின்கம்பமும் உள்ள வீதியில் எவ்வளவு கவனம் தேவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஏழைகளுக்கு உதவ என்று நடத்தும் நிகழ்ச்சியிலே இன்னொரு குடும்பம் பிள்ளையை இழக்குமானால், எந்தத் தொகையாலும் அந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது. செலவைக் குறைத்தால் ஏழைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் தடுப்பிலும் காவலிலும் கைவைப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு.

கைக்கு வந்தது எவ்வளவு?

மூன்றாவது, கணக்கு. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் "இவ்வளவு இலட்சம் சேர்ந்தது" என்று செய்தி வரும். கமக்காரர் எவரும் இந்தச் சொல்லில் ஏமாறமாட்டார். களத்துமேட்டில் குவிந்த நெல் வேறு, வீட்டுக்கு வந்த நெல் வேறு என்பது உங்களுக்குத் தெரியும். விதைநெல், உரம், மருந்து, உழவுக் கூலி, அருவிவெட்டுக் கூலி, வாங்கிய கடனின் வட்டி எல்லாம் போக மிஞ்சுவதே விளைச்சல்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்கே. ஓர் ஓட்டத்தில் ரிக்கற் விற்பனையாலும் விளம்பரத்தாலும் 100 இலட்சம் ரூபா சேர்கின்றது என வைத்துக்கொள்வோம். தடுப்புகளுக்கு 30 இலட்சம், மேடைக்கும் ஒலி ஒளிக்கும் 20 இலட்சம், விளம்பரத்துக்கு 15 இலட்சம், காப்புறுதிக்கும் வைத்திய வசதிக்கும் 10 இலட்சம், விருந்துக்கும் தங்குமிடத்துக்கும் 10 இலட்சம் செலவாகின்றது. மிஞ்சுவது 15 இலட்சம். செய்தியிலே வருவது 100. பெறுபவருக்கு வருவது 15. இதற்கு மேலே பொலிசாரின் வேலை, நகரசபையின் துப்புரவு வேலை, வீதித் திருத்தம் ஆகியவை பொதுப் பணத்திலிருந்து போகின்றன. அவையும் சேர்ந்தால், நாட்டு மக்கள் கொடுத்தது பெறுபவர் பெற்றதைவிடக் கூடவும் இருக்கலாம்.

இதில் எவரும் களவெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு இருக்கும். கள்ளத்தனம் இல்லாமலேயே அறப்பணி வெறும் பெயராகிவிடலாம் என்பதைத்தான் நான் சுட்டிக்காட்ட விரும்புகின்றேன். தொண்டர்கள் சம்பளமின்றி உழைத்தமையின் பெறுமதி இங்கேதான் விளங்குகின்றது.

பெறுபவரின் இடம் எங்கே?

இந்த மூன்றையும்விட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. நிகழ்ச்சியின் முடிவிலே ஒரு பிள்ளையையோ ஒரு தாயையோ மேடைக்கு அழைத்து, பலகையளவு பெரிய காசோலையைக் கையில் கொடுத்துப் படம் பிடிப்பார்கள். திட்டமிடும்போது அந்தத் தாயை எவரும் அழைக்கவில்லை. உனக்கு எது தேவை என்று கேட்கவில்லை. கொடுக்கும் படத்துக்கு மாத்திரம் அவள் தேவைப்படுகின்றாள்.

நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வேதனை புதிதன்று. விதைநெல் தேவைப்பட்ட நேரத்தில் பாய் கிடைத்ததும், கிணறு இறைக்க இயந்திரம் தேவைப்பட்ட இடத்தில் பாற்பேணி கிடைத்ததும் உண்டு. கொடுத்தவர்கள் கெட்டவர்களல்லர், கேளாமல் கொடுத்தவர்கள். பெரும்போக மழைக்கு முன்னர் வரவேண்டிய விதைநெல் தை மாதத்தில் வந்து சேர்ந்தால் அது சோற்றுக்கு உதவுமேயன்றி விதைப்புக்கு உதவாது. கொண்டாட்டத்தின் நாளை நடத்துபவர்கள் தங்கள் வசதிப்படி குறிக்கின்றார்கள். விதைப்பின் நாளை வானம் குறிக்கின்றது. இரண்டும் ஒத்துவருமென எதிர்பார்க்க முடியாது.

இன்னுமொன்று. கொண்டாட்டம் நின்றால் கொடையும் நின்றுவிடும். 2020 இல் கொவிட் தொற்றினால் உலகெங்கும் ஓட்டங்களும் விழாக்களும் நிறுத்தப்பட்டன. ஆனால் வலுவிழந்த பிள்ளைக்குப் பராமரிப்பு அந்த ஆண்டிலும் தேவைப்பட்டது. முன்னரைவிடக் கூடவே தேவைப்பட்டது. ஆகவே அடிப்படைத் தேவைகளை விழாவின் தயவில் விட்டுவிட முடியாது. வீடு, காணி, பாடசாலை, வைத்தியம் ஆகியவை உரிமைகள். அவற்றை நிறைவேற்றுவது அரசின் கடமை. விழாவிலே சேரும் பணம் அந்தக் கடமைக்கு மேலதிகமாக வரலாம்; அதற்குப் பதிலாக வரக்கூடாது. "நல்லவர்கள் பார்த்துக்கொள்கின்றார்கள்தானே" என்று அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்ள அறப்பணியே காரணமாகிவிட்டால், அந்த அறப்பணியினால் ஏழைக்கு நட்டமே மிஞ்சும்.

எமது சங்கங்கள் செய்யக்கூடியவை

கார் ஓட்டமோ, இசை நிகழ்ச்சியோ, நடைபவனியோ, உங்கள் கிராமத்தின் பெயரால் பணம் சேர்க்க எவரேனும் வந்தால் அவர்களை விரட்டவேண்டியதில்லை. நன்றியோடு வரவேற்று, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்கு அழையுங்கள். மாதர் சங்கத்தினரும் கமக்காரர் அமைப்பினரும் அங்கே இருக்கட்டும். பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. பணம் எந்த வேலைக்கு? அந்த வேலையைத் தெரிவுசெய்தவர் யார்? எங்கள் கூட்டத்தில் தெரிவுசெய்ய இடம் தருவீர்களா?

2. மொத்த வரவு, செலவு, மிகுதி ஆகிய மூன்றையும் எழுத்திலே தருவீர்களா? அதனைச் சங்கத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டலாமா?

3. நடத்தும் குழுவிலே எங்கள் பிரதிநிதிகள் இருவர் இருக்க முடியுமா? அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

4. நிகழ்ச்சி நடக்கும் இடத்து மக்களின் அனுமதி பெறப்பட்டதா? பார்க்க வருபவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பு யார்?

5. பணம் எப்போது வரும்? விதைப்புக்கு முன்னரா பின்னரா?

6. எங்கள் விருப்பமின்றிப் பிள்ளைகளைப் படம் பிடிக்கமாட்டீர்கள் என்ற உறுதியைத் தருவீர்களா?

இவற்றைக் கேட்டால் வருகின்ற உதவியும் போய்விடுமோ என்ற அச்சம் சிலருக்கு எழும். அந்த அச்சம் விளங்கிக்கொள்ளத்தக்கது. பட்டினியோடு இருப்பவரிடம் கணக்குக் கேட்கச் சொல்வது இலகுவான அறிவுரையன்று. அதனாலேயே தனி ஒருவர் கேட்கக்கூடாது, சங்கமாகக் கேட்கவேண்டும் என்கின்றேன். தனி ஒருவர் கேட்டால் நன்றியில்லாதவர் என்பார்கள். சங்கம் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். உண்மையாகவே உதவ வந்தவர்கள் இக்கேள்விகளால் மனம் நோகமாட்டார்கள். தங்கள் வேலை சரியான இடத்துக்குப் போகின்றது என்று மகிழ்வார்கள். கேள்விக்கே கோபித்துக்கொண்டு போகின்றவர்களால் நீங்கள் இழப்பது அதிகமிராது.

மறுபக்கத்திலே எமக்கும் ஒரு கடமை உண்டு. மற்றவரிடம் கேட்கும் கணக்கை நாமும் காட்டவேண்டும். சங்கத்துக்கு வந்த விதைநெல் யார் யாருக்குப் பகிரப்பட்டது, சுழற்சிக் கடன் எவரிடம் நிற்கின்றது, கூட்டத்துக்கு வராத கைம்பெண்ணுக்கும் வலுவிழந்தவருக்கும் பங்கு போய்ச் சேர்ந்ததா என்பவை எல்லோரும் பார்க்கக்கூடியதாக எழுதப்பட்டிருக்கவேண்டும். கணக்கைத் திறந்து வைத்திருக்கும் சங்கத்துக்கே மற்றவரின் கணக்கைக் கேட்கும் துணிவு வரும். அடுத்த மாதக் கூட்டத்திலே மேற்கூறிய ஆறு கேள்விகளையும் வாசித்து, உங்கள் ஊருக்கு ஏற்ற விதத்தில் கூட்டியும் குறைத்தும், சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தில் ஒரு தீர்மானமாக எழுதி வையுங்கள். உதவி செய்ய வருபவர் வாசலுக்கு வரும்போது அது ஆயத்தமாக இருக்கட்டும்.